வடக்கே வாய்க்கால்

எங்கள் முடிச்சூர் வீட்டில் ப்ளக் பாயிண்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருக்கும். சார்ஜர் மாட்டினால் ஃபோன் அந்தரத்தில் தொங்கும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்பா ஒரு சின்னப் பலகை அடித்து வைத்திருந்தார். 2024இல் வீட்டை விற்க முடிவு செய்து ஆட்கள் பார்க்க வர ஆரம்பித்தபோது ஒரு பெண் அதைக் கவனித்துவிட்டார்.

“ஏன் சார் எல்லாம் இவ்ளோ மேல இருக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் புரோக்கர் அண்ணன் முந்திக்கொண்டார். “சின்னப் பசங்க கை வைக்காம இருக்கணும்ல மேடம். பெரியவரு பாத்துப் பாத்துக் கட்டுனது.”

அந்தப் பெண் ஐந்து மாத கர்ப்பிணி. கணவரைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல ஐடியால்ல?” என்றார். அம்மா காபி டம்ளர்களை டீப்பாயில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள். நான் எதுவும் சொல்லவில்லை.

அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டியது மட்டும் உண்மை. கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். மாம்பலத்தில் வாடகை கட்டி மாளாமல், 1996 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கத்திலிருந்து மனை காட்டக் கிளம்பிய வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு ஏழு வயசு. வெட்டவெளியில் ஷாமியானா, வண்ணக் கொடிகள், வெள்ளையடித்த கல், ஆளுக்கொரு சாம்பார் சாதப் பொட்டலம். சுற்றிப் பார்த்துவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மழ பெஞ்சா தண்ணி நிக்குமா?”

“துளி நிக்காது சார்.”

மே மாதத்தில் எங்கேதான் நிற்கும்! அரை கிரவுண்டு, 1200 சதுர அடி, 60,000 ரூபாய். அம்மாவின் நாலு வளையலும் அதில் அடக்கம். வீடு எழும்ப மேலும் மூன்று வருஷம் ஆனது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் என்று சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரெல்லாம் அடையாற்றில்தான் வந்து சேரும். அடையாறு வரதராஜபுரத்தையும் முடிச்சூரையும் ஒட்டி ஓடுகிறது. அந்த வாரம் டிவியில் எல்லோரும் பார்த்த படகுகள் எங்கள் தெருக்களில் ஓடியவைதான். மூன்று நாள் எந்த ஃபோனும் போகவில்லை. அதனால் அந்த இரவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான்.

தண்ணீர் வாசல்படி ஏறியபோது அப்பா முதலில் தேடியது பிரஷர் குக்கரை. பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே வைத்து, கேஸ்கட் போட்டு, வெயிட்டும் மாட்டி மூடினார். குக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அம்மாவை மறுகையில் பிடித்தபடி எதிர்வீட்டு மாடிக்குப் போனார். எதிர்வீட்டு அக்காவின் அந்த ஒற்றை ரூமில் நாலு குடும்பம், பதினான்கு பேர், இரண்டு ராத்திரி. “எல்லாரும் பசியில இருக்கோம், உங்கப்பா குக்கரத் தொறக்கவே விடல. உள்ள சோறு இருக்குன்னே அந்தக் கடைசி வீட்டுப் பாட்டி நெனச்சிட்டா” என்று அம்மா பிற்பாடு சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள்.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் நாலடி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. அப்பா அதன்மேல் இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்தார். ப்ளக் பாயிண்ட்டை எல்லாம் கோட்டுக்கு மேலே ஏற்றினார்.

அடுத்த வெள்ளம் காகிதத்தில் வந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்களுடையது ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’. சீலும் கையெழுத்தும் பக்காவாக இருந்தன. லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரமே பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, அதைச் சிஎம்டிஏதான் கொடுக்க வேண்டும் என்பது இருபது வருஷம் கழித்துத்தான் எங்கள் தெருவுக்கே தெரிந்தது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்ததும் அப்பா ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கட்டணம் கட்டினார். உத்தரவு கைக்கு வந்த அன்று இரண்டு கிலோ மைசூர்பாக் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். 2021இல் இறந்துபோனார். வாரிசுச் சான்றிதழில் மூன்று பேர்: அம்மா, அக்கா, நான். உயில் இல்லை, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்கால் வரை தண்ணீர். வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் அம்மா அன்று ராத்திரி குக்கரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரமும் அதுவே.

வீடு பார்க்க வந்தவர்கள் போன மறுநாள், வேலை முடிந்து ஒரு காலில் பேசிக்கொண்டிருந்தேன். என் டீமில் இந்தோனேசியாவின் சுரபாயா துறைமுக நகரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். மூன்று தலைமுறையாக ஒரே வீடு. ஆனால் நிலம் மாநகராட்சியுடையது. ‘சூரத் இஜோ’, அதாவது பச்சைக் காகிதம் என்று ஒரு அனுமதிச் சீட்டு, அதற்கு வருஷா வருஷம் கட்டணம். அந்த ஊரில் நிறையப் பேர் பட்டா கேட்டுப் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். வீடு விற்கும் கதையைச் சொன்னதும் அவர் கேட்டார்: எல்லாக் காகிதமும் உன் பேரில் சுத்தமாக இருக்கிறதா? அப்புறம் என்ன கவலை?

அன்று ராத்திரி எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். வில்லங்கச் சான்று எடுத்தால் முப்பது வருஷத்தில் யார் யாருக்கு விற்றார்கள், யார் அடமானம் வைத்தார்கள் எல்லாம் வரும். தண்ணீர் வந்ததா என்பதற்கு அதில் காலம் கிடையாது. டேட்டாபேஸ் டிசைன் செய்கிறவனுக்கு இது பழக்கமான சௌகரியம். காலம் இல்லாத விஷயத்தை யாரும் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல வேண்டியதில்லை.

அடியில் தாய்ப்பத்திரத்தின் நகல் கிடந்தது. லேஅவுட் போட்டவர்கள் விவசாயியிடம் வாங்கியபோது எழுதியது. நாங்கள் யாரும் அதை முழுசாகப் படித்ததில்லை. கோழிக்கிறுக்கல் கையெழுத்தை ஃபோன் டார்ச்சில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘ஏரிப் பாசன நன்செய்’ என்று ஆரம்பித்தது. பிறகு நான்கெல்லை. கிழக்கே ஒருவர் நிலம், மேற்கே இன்னொருவர் நிலம், தெற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால்.

அப்பாவின் பத்திரத்தில் வடக்கே ‘23 அடி ரோடு’ என்றிருக்கிறது. எங்கள் தெருதான் அது.

காலம் இல்லாமல் இல்லை. இருந்ததை ஷாமியானா போட்டவர்கள் ரோடு என்று மாற்றி எழுதிவிட்டார்கள், இப்போது அடுத்து எழுதப்போகிறவன் நான். துளி நிக்காது சார் என்றவனுக்கு என்ன வயசு இருந்திருக்கும்? என் வயசுதான் இருக்கும்.

காலையில் வாங்க வந்தவருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலடி, இரண்டு நாள், ப்ளக் பாயிண்ட். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தேங்க்ஸ் சார். யோசிச்சுச் சொல்றோம்” என்று வைத்துவிட்டார். புரோக்கர் அண்ணன் கூப்பிட்டுக் கத்தினார். பத்து நாள் கழித்து அவர்களே வந்தார்கள். 65 லட்சம் பேசியிருந்தது, 59க்கு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா சரி என்றாள்.

அக்காவிடம் நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாளோ என்று பயம். அவள் கோபப்படவில்லை, நிதானமாகப் பேசினாள்.

“நீ சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்டா. ஆனா உன் மனசாட்சிக்கு என் பங்குலேர்ந்தும் ரெண்டு லட்சம் கழிச்சிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்பா மனை வாங்குறப்ப அம்மாகிட்ட வளையலக் கேட்டாரு தெரியுமா? கழட்டிக் குடுன்னு சொல்லல, குடுப்பியான்னு கேட்டாரு.”

என் பங்கிலிருந்து அந்த இரண்டு லட்சத்தை அவள் அக்கவுண்ட்டுக்கு அனுப்பினேன். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது பேசிக்கொள்கிறோம், இதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அம்மா என்னோடு சேலையூரில், மூன்றாவது மாடியில் இருக்கிறாள். மழை வந்தால் பால்கனியில் நின்று மேற்கே பார்க்கிறாள்.

போன மாசம் எதிர்வீட்டு அக்கா ஃபோன் செய்தார்.

“தம்பி, உங்க வீட்டப் புதுசா வந்தவங்க இடிச்சிட்டாங்கப்பா. அஞ்சடிக்கு மண்ணு அடிக்கிறாங்க, லோடு லோடா வருது. எதுக்குன்னு கேட்டேன், நீதான் தண்ணி வரும்னு சொன்னியாமே. நல்ல புள்ளைங்கதான். ஆனா அவ்வளவு ஒசரத்துக்குத் தூக்கிட்டா, அங்க நின்ன தண்ணி எங்கப்பா போவும்? எங்க வீட்டுக்குத்தான?”

பதினான்கு பேருக்கு இடம் கொடுத்த வீடு அது. அக்காவுக்கு இப்போது மூட்டு வலி. மாடிப்படி ஏற முடியாமல் கீழேதான் படுக்கை.

“பாக்கறேன்க்கா” என்றேன். எதைப் பார்ப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை.