பழைய கேமராக்களில் எதை வைத்துக்கொள்வது?



சென்ற ஆண்டு மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கினேன். 2019-இல் வெளிவந்த நிக்கான் இசட் 50. ஒருவர் பயன்படுத்தி விற்றது. மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கு இது எதற்கு என்று சிலர் வினவினர். உயிருள்ளவற்றின் உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை இங்கு ஆராயப் புகவில்லை. நான் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை ஏடுகளின் படங்கள். அரபு எழுத்துகளில் எழுதப்பட்ட தமிழை, அதாவது அரபுத்தமிழை, நம் முன்னோர் பல தலைமுறைகளாகக் கையாண்டனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் அத்தகைய நூல்கள் இன்றும் சில வீடுகளின் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. உரியவர்களின் அனுமதியோடு அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது என் ஓய்வு நேரப் பணி.

இப்பணிக்கு மிரர்லெஸ் பொருந்தி வருகிறது. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவினுள் ஒரு கண்ணாடி உண்டு. ஷட்டரை அழுத்தும்போது அது மேலெழும். அதனால் ஓசையும் மெல்லிய அதிர்வும் உண்டாகும். பழந்தாளின் மீது ஃபிளாஷ் பாய்ச்ச விரும்பாமல், குறைந்த ஒளியில் அரை வினாடி ஷட்டரைத் திறந்து வைக்கும்போது அந்த அதிர்வும் எழுத்தைக் கலங்கச் செய்யும். மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடியே இல்லை. திரையில் ஒரு நுக்தாவைப் பெரிதாக்கிப் பார்த்துத் துல்லியமாகக் குவிக்கலாம், ஓசையின்றியும் படமெடுக்கலாம். குறையும் உண்டு. என்னுடைய பழைய டி90 ஒருமுறை மின்னேற்றினால் 850 படங்கள் எடுக்கும் என்பது தர அளவீடு. புதியதற்கு ஏறத்தாழ 300 மட்டுமே. ஆகவே மின்கலங்கள் இரண்டை உடன் வைத்துக்கொள்கிறேன்.

புதியது வந்த வாரத்தில் என் மனைவி அலமாரியைத் திறந்து, "இந்தப் பழசையெல்லாம் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே வாப்பாவின் யாஷிகா, நான் இளமையில் வாங்கிய நிக்கான் எஃப்எம்2, பின்னர் வந்த டி90, அவற்றோடு நான்கு லென்ஸ்கள் இருந்தன.

"இப்போதைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிடுவதே நம்மில் பலருடைய வழக்கம். கேமராவைப் பொறுத்தவரை அவ்வாறு விட்டுவைப்பது பாதுகாப்பாகாது. நம் கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. காற்றோட்டமும் ஒளியும் இல்லாத இடத்தில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சை வளரத் தொடங்கும். நாளடைவில் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பின்னர் துடைத்தாலும் தடம் போகாது. தோல் உறையில் வைத்தால் இன்னும் விரைவாகப் பரவும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு, 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைப்பதும், அவ்வப்போது எடுத்து இயக்குவதுமே முறை. ஆகவே ஒரு கேமராவை வைத்துக்கொள்வது என்றால் அதற்குத் தொடர்ந்து நேரம் கொடுப்பது என்று பொருள். நேரம் கொடுக்க இயலாதவற்றை அவை கெடுவதற்கு முன்பே கைமாற்றிவிட வேண்டும். இந்த எண்ணத்தோடுதான் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் லென்ஸ்களைப் பிரித்தேன். கேமரா உடல் விரைவில் பழமையாகிவிடும். நல்ல லென்ஸ் அவ்வாறன்று. நிக்கானின் எஃப் வகைப் பொருத்துவளையம் 1959-இல் வந்தது. அதில் வளையத்திற்கும் படம் பதியும் தளத்திற்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரம். 2018-இல் வந்த இசட் வகையில், கண்ணாடி இல்லாமையால், அத்தூரம் 16 மில்லிமீட்டர்தான். இடைப்பட்ட 30.5 மில்லிமீட்டரை எஃப்டிஇசட் என்னும் அடாப்டர் நிரப்புகிறது. இதனால் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய கேமராவில் மாட்ட இயலாது.

ஆயினும் எல்லாப் பழைய லென்ஸ்களும் புதியதில் ஒரே வகையில் இயங்குவதில்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையைச் சேர்ந்த என் 18-105 லென்ஸ், அடாப்டரோடு தானாகவே குவிகிறது. அது என்னிடம் தங்கியது. 50 மி.மீ. எஃப்1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி90-இன் உடலிலுள்ள மோட்டார் ஒரு சிறு திருகின் மூலம் அதனைச் சுழற்றும். எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால் புதிய கேமராவில் அதனைக் கையால்தான் குவிக்க வேண்டும். டி90-ஐயும் 50 மி.மீ. லென்ஸையும் பிரித்தால் இரண்டுமே சற்றுக் குறைந்துபோகும். சேர்ந்திருந்தால் இன்றும் நல்ல கேமராதான். 2008-இல் வந்தது; 12.3 மெகாபிக்சல், காணொளி எடுக்கவல்ல முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுவே.

அவ்விரண்டையும் சேர்த்தே கொடுக்கத் தீர்மானித்தேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கல்லூரியில் பயில்கிறார். கைப்பேசியில் பள்ளிவாசல் தூண்களின் கல்வேலைப்பாடுகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். அழைத்துக் கையில் கொடுத்தபோது, "விலை எவ்வளவு உஸ்தாத்?" என்று கேட்டார். "ஹதியா" என்றேன். அதன் ஷட்டர் ஒரு இலட்சம் முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது. என் கையில் அதில் பாதிகூட ஓடவில்லை. உழைக்கும் நிலையில் உள்ள பொருளைக் கொடுப்பதே கொடை. கெட்டுப்போன பின் கொடுத்தால் நம் வீட்டுக் குப்பையை அடுத்தவர் வீட்டுக்கு மாற்றியவர்களாவோம்.

மூன்றாவது, ஒரு 70-300 லென்ஸ். டார்ச் விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் பார்த்தபோது, ஓரத்தில் சிலந்தி வலை போன்ற பூஞ்சை மெல்லிதாகத் தெரிந்தது. சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதை அறிந்து விற்பவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கிறேன். அந்த ஈரம் இக்காலத்தில் லென்ஸுக்குள்ளும் இருக்கலாம். வாங்க வந்தவரிடம் டார்ச்சைக் கொடுத்து, பார்க்க வேண்டிய இடத்தையும் காட்டினேன். அவர் விலையைக் குறைத்துக் கேட்டார். அது அவருடைய உரிமை. மனமொத்து விற்றேன்.

விற்பதாயினும் கொடுப்பதாயினும் பெண்கள் உள்ள வீட்டினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நினைவக அட்டையை ஒருபோதும் கேமராவோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். படங்களை அழித்தாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்தாலும், அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. சில சிறிய கேமராக்களுக்குள்ளேயே நினைவகம் இருக்கும். அதனையும் திறந்து பாருங்கள். ஒருவர் நம்மை நம்பிப் படமெடுக்க இசைந்தாரெனில் அந்தப் படம் அமானிதம். அட்டையின் விலை சில நூறு ரூபாய்தான்.

எஃப்எம்2 என்னும் ஃபிலிம் கேமராவைக் குறித்து நெடுநாள் சிந்தித்தேன். 1982-இல் அறிமுகமான வகை. அதன் ஷட்டர் முழுவதும் எந்திர விசையால் இயங்குவது; மின்கலம் ஒளியை அளப்பதற்கு மட்டுமே. ஃபிலிமின் விலையையும் அதனைக் கழுவித் தரும் கடைகள் அருகிவிட்டதையும் எண்ணினால், அதில் நான் இனிப் படமெடுக்கப் போவது அரிது. எனினும் அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் "கிதாப் அல்-மனாழிர்" என்னும் ஒளியியல் நூலை எழுதினார். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று நிறுவிய அவர், இருண்ட இடத்தில் ஒரு துளையின் வழியே விளக்கொளியைச் செலுத்தியும் சோதித்தார். இதனை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் தலையசைப்பர், அவ்வளவே. ஒருநாள் எஃப்எம்2-இன் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு பட்டர் பேப்பரை ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, சன்னலை நோக்கிப் பிடித்தேன். வெளியே நின்ற தென்னை மரம் அந்தத் தாளில் தலைகீழாகத் தெரிந்தது. பின்வரிசைப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிட்டனர். அதுமுதல் அந்தக் கேமரா மத்ரஸாவின் அலமாரியில் இருக்கிறது.

எஞ்சியது வாப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35. சபர் போயிருந்த காலத்தில் சிங்கப்பூரில் வாங்கி வந்தார். அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச மின்கலம் இப்போது உற்பத்தியில் இல்லை. 6 வோல்ட் அல்கலைன் மின்கலத்தைச் சிறு குழாய்க்குள் வைத்து ஒப்பேற்றலாம். கதவோரம் ஒளிபுகாமல் தடுக்கும் பஞ்சு பிசினாகிவிட்டது; அதனை மாற்றவும் ஆள் கிடைப்பர். ஆனால் பழுதைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கேமரா என்னுடையதா?

வஃபாத்தானவர் விட்டுச் சென்றவை, கடனும் வஸிய்யத்தும் போக, வாரிசுகள் அனைவருக்கும் உரியவை. வீட்டையும் நிலத்தையும் பங்கிடும்போது இதனை நினைவில் கொள்கிறோம். கைக்கடிகாரம், பேனா, கேமரா போன்றவை யார் கையில் இருந்தனவோ அவரிடமே தங்கிவிடுகின்றன. பொருள் சிறியது என்பதால் விதி மாறுவதில்லை. உம்மாவிடமும் தங்கைகள் இருவரிடமும் பேசினேன். மூத்த தங்கை பொருட்படுத்தவில்லை. இளையவர் சற்றுத் தயங்கி, "அதுல படம் எடுக்கணும்னு இல்ல காக்கா. வாப்பா கழுத்துல கிடந்தது. எங்க வீட்ல இருக்கட்டுமே" என்றார்.

வேலை செய்யும் பொருளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதுவரை கணக்கிட்டு வந்தேன். தங்கையின் சொல் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. எனினும் அது சரியான சொல். பேணிக் காக்க ஒருவர் இருக்கும்வரை நினைவும் ஒரு பயனே. உம்மாவும் மூத்த தங்கையும் மனமுவந்து தம் பங்கை விட்டுக் கொடுத்தனர். நானும் விட்டுக் கொடுத்தேன். சிலிக்கா ஜெல் பெட்டியோடு கேமரா அவர் வீட்டுக்குச் சென்றது.

கேமரா போயிற்று; அது எடுத்த நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. கேமராவைவிட அவையே பெரிய சொத்து. யாஷிகாவைப் போல் இன்னொன்றைத் தேடினால் கிடைக்கும். அந்தச் சுருள்களில் உள்ளவை வேறெங்கும் இல்லை. அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும். எங்கள் டப்பாவைத் திறந்தபோது அந்த வாடை மெல்ல எழுந்தது.

நான்காவது லென்ஸ் இங்குதான் உதவியது. 55 மி.மீ. எஃப்2.8 மைக்ரோ-நிக்கார், முழுவதும் கையால் குவிப்பது. பொருளைச் சென்சார் மீது அதன் அளவில் பாதியாகப் பதிக்கும். அடாப்டரோடு இசட் 50-இல் மாட்டினால் 47-க்கு 31 மில்லிமீட்டர் பரப்பு சட்டத்துள் அடங்கும். நெகட்டிவ் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஓரங்களை வெட்டிய பின்னும் ஏறத்தாழ 12 மெகாபிக்சல் மிஞ்சுகிறது. வெண்மையான ஒளிப்பலகையின் மீது நெகட்டிவை வைத்து, தூசியை ஊதி அகற்றி, ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கணினியில் நேர்ப்படமாக மாற்றினேன். பழைய லென்ஸ்களில் எதை எப்போதும் கொடுக்கமாட்டேன் என்று கேட்டால் இதனையே சொல்வேன்.

அந்தப் படங்களை உம்மாவிடம் காட்டினேன். திரையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் பெயர் சொல்லி அழைத்தார். எந்த வீட்டார், யாருக்கு வாழ்க்கைப்பட்டார், எந்த ஆண்டு சபர் போனார் என்றெல்லாம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். ஏழெட்டு முகங்களை அவராலும் அடையாளம் காண இயலவில்லை. பெரியம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றார். பெரியம்மா மூன்றாண்டுகளுக்கு முன் வஃபாத்தாகிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய டப்பா இருக்கக்கூடும். கேமராக்களைப் பற்றி நிதானமாகத் தீர்மானித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தாமதித்தாலும் சிலிக்கா ஜெல் தாங்கும். நெகட்டிவ்களை மட்டும் இந்த வாரமே எடுத்து, அந்த முகங்களை அறிந்த பெரியவர்களின் முன் வையுங்கள். அப்பெரியவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நற்சுகத்தையும் அருள்வானாக. ஆமீன்.