பதினோரு கிலோ கடலை மாவு

ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது என்று சொல்லி என்னை பி.எஸ்ஸி.யில் தள்ளிவிட்டவர் என் மாமா. பஞ்சம் இல்லைதான். அம்பத்தூர் பக்கம் கடலை மாவு பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் 'குவாலிட்டி அஸிஸ்டென்ட்' ஆனேன். பாக்கெட்டைத் தராசில் வைப்பது, நோட்டில் எழுதுவது, டீ வந்தால் குடிப்பது. மூன்றாவது வேலையில் மட்டும் யாரும் என்மேல் குறை சொன்னதில்லை.

2012 மார்ச்சில் ஒரு காலை. மானேஜர் கூப்பிட்டார். மேஜைமேல் என் நோட்டு.

"பத்து பாக்கெட்டு எடை போட்டிருக்கே. சராசரி 498.6. கவர்ல என்ன போட்டிருக்கு? ஐந்நூறு! பாக்கெட்டுக்கு 1.4 கிராம் குறையுது. தினம் எட்டாயிரம் பாக்கெட்டு. பதினோரு கிலோ மாவு எங்கய்யா போவுது? யார் வீட்ல தினம் பஜ்ஜி?"

யார் வீட்டில் என்று அவரே முடிவு பண்ணியிருந்தார். மெஷின் ஓட்டும் அண்ணன். பத்தொன்பது வருஷ சர்வீஸ். நான் சேர்ந்த புதிதில் சம்பளம் வருகிற வரைக்கும் தன் டிபன் கேரியரில் பாதியை எனக்கு ஒதுக்கியவர்.

"கம்ப்யூட்டர்ல போட்டு ப்ரூவ் பண்ணிக் குடு. மெமோவோட சேர்த்து வெச்சிடறேன். இன்க்ரிமென்ட் கட்."

தீர்ப்பு ரெடி, சாட்சிதான் பாக்கி.

எந்த மெஷினும் அச்சாக 500 போடாது. என் பத்து பாக்கெட்டும் 496-லிருந்து 502 வரை ஆடியிருந்தன. இந்த 1.4 கிராம் அந்த ஆட்டத்தில் தற்செயலாக வந்ததா, நிஜமாகவே குறைகிறதா? அதைக் கேட்பதற்குத்தான் 'ஒன் சாம்பிள் டி-டெஸ்ட்'. டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த காஸெட் என்பவர் 1908-ல் கொடுத்த கணக்கு. சொந்தப் பேரில் எழுதக் கம்பெனி விடாததால் 'ஸ்டூடென்ட்' என்று போட்டுக்கொண்டார். பீர் கம்பெனியில் அவருக்கு டி-டெஸ்ட். மாவு கம்பெனியில் எனக்கு டீ டெஸ்ட்.

எக்ஸெல்லைத் திறந்தேன். டேட்டா அனாலிசிஸில் டி-டெஸ்ட் மூன்று தினுசு இருக்கிறது. மூன்றுமே இரண்டு சாம்பிளுக்கு. ஒன்றுக்கு இல்லை! இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. முதல் காலத்தில் பத்து எடைகள். பக்கத்துக் காலத்தில் பத்துக் கட்டத்திலும் 500, 500 என்று அடித்துவிட்டு, 'பேர்டு' டெஸ்டைத் தட்டினால் போதும். நடுவில் கோரிலேஷன் என்கிற கட்டத்தில் மட்டும் 'பூஜ்யத்தால் வகுக்கிறாயே மடையா' என்கிற மாதிரி ஒரு எர்ரர் வரும். கண்டுகொள்ளக் கூடாது.

விடை வந்தது. டி மதிப்பு மைனஸ் 2.09. அதற்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு விடைகள். 'ஒன் டெய்ல்' 0.033. 'டூ டெய்ல்' 0.066.

எனக்கு வியர்த்தது. வழக்கமான கோடு 0.05. குறைகிறதா என்று மட்டும் கேட்டால் ஒற்றை வால்: அண்ணன் மாட்டினார். கூடவோ குறையவோ எப்படியாவது விலகுகிறதா என்று கேட்டால் இரட்டை வால்: தப்பினார். எந்த வால் என்பதை எடை போடுவதற்கு முன்னாலேயே முடிவு பண்ணியிருக்க வேண்டும். நானோ பத்து எடையையும் பார்த்துவிட்டு, யாரைக் காப்பாற்றலாம் என்று வால் தேடிக்கொண்டிருந்தேன்.

இரட்டை வாலைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் ஓடினேன்.

"கவலைப்படாதீங்கண்ணே. 0.066தான். ஒண்ணுமில்ல."

"நான் செய்யலைன்னு சொல்லுதா தம்பி?"

"அப்படியில்லண்ணே... மெஷின் கொறைச்சுப் போடுதுன்னு சொல்ல ஆதாரம் பத்தலைன்னு சொல்லுது."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "அது வேற, இது வேற இல்லியா?"

என் புரொபஸர் மூன்று வருஷம் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தான்.

ராத்திரி தூக்கமில்லை. காலையில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: 'புதிதாக முப்பது பாக்கெட். கேள்வி, எடை குறைகிறதா என்பது மட்டும். ஒற்றை வால். கோடு 0.05.' எடை போடுவதற்கு முன்பே மானேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

அண்ணன் பக்கத்தில் நிற்க, முப்பதையும் எடை போட்டு, அங்கேயே எக்ஸெல்லில் தட்டினேன். சராசரி 498.5. விடை 0.001-க்கும் கீழே. தற்செயல் என்று சொல்ல வழியே இல்லை. நானே என் கையால் அவருக்கு மெமோ அடித்த மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரும் தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கவரோடத்தானே எடை போடறே?"

"ஆமாண்ணே. கவர் 5 கிராம். அதைத் தராசே கழிச்சுடும். அப்படி செட் பண்ணியிருக்கு."

"இந்தப் புதுக் கவர் கைக்கு மெலிசா இருக்கே?"

ஸ்டோருக்குப் போய்ப் பழைய கவர் பத்து எடுத்துவந்தார். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். 50 கிராம். புதுசு பத்து வைத்தோம். 35.

கவருக்கு ஒன்றரை கிராம் வித்தியாசம். மாவு முழுசாக ஐந்நூறு விழுந்துகொண்டுதான் இருந்தது. தராசுதான் இல்லாத ஒன்றரை கிராம் கவரையும் சேர்த்துக் கழித்துக்கொண்டிருந்தது. டெஸ்ட் பொய் சொல்லவில்லை. எண் நிஜமாகவே குறைந்திருந்தது. எதனால் என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் கொடுத்த 500-ஐ நம்பியது.

பிப்ரவரியில் விலை குறைவு என்று இந்தக் கவரை வாங்கிப்போட்டவர் மானேஜர். கவர் மாறினால் தராசில் செட்டிங்கை மாற்ற வேண்டியவர் குவாலிட்டி அஸிஸ்டென்ட். அந்தப் பதவியில் கம்பெனியில் இருந்தது ஒரே ஆள்.

மானேஜர் ரூமுக்கு நானே போனேன். "ஸார், பதினோரு கிலோ மாவு கிடைச்சிடுச்சு. எங்கேயும் போகலை" என்று ஆரம்பித்துக் கவர் வரைக்கும் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். மெமோ ஏற்கெனவே டைப் ஆகியிருந்ததால், பேரை மட்டும் அடித்துவிட்டு என் பேரை எழுதினார். கவர் வாங்கினவர் பேருக்கு அதில் இடம் இல்லை.

மத்தியானம் கேன்டீனில் அண்ணன் கேரியரைத் திறந்து எப்போதும்போலப் பாதியை என் பக்கம் தள்ளினார். மேலே ரெண்டு பஜ்ஜி இருந்தது.

"கடையில காசு குடுத்து வாங்கின மாவு தம்பி, தைரியமா சாப்பிடு" என்றார்.