ஒரு வாக்கின் மூன்றிலொரு பங்கு

இயற்பியல் மாணவனுக்குப் பின்னங்கள் புதியவை அல்ல. ஆயினும், ஒரு வாக்கின் மூன்றிலொரு பங்கு குறைந்ததால் ஒரு மசோதாவே வீழ்ந்தது என்று படித்தபோது நான் வியந்து போனேன்.

1970 செப்டம்பர் 5. மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தம், மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரு பங்கு என்றால் 149.33. வாக்கைத் துண்டாக்க முடியுமா? ஆகவே 150 வேண்டும். ஒன்று குறைந்தது, மசோதா வீழ்ந்தது. மறுநாளே குடியரசுத் தலைவரின் ஆணை மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கிற்று. அதுவும் செல்லாது என்று டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971 தேர்தலில் மக்களைச் சந்தித்து வந்த பிறகே, 26ஆம் திருத்தம் அக்காரியத்தை முறைப்படி முடித்தது.

மானியம் ஒழிய வேண்டியதுதான் என்பவன் நான். பின் ஏன் அந்தத் தடையைப் போற்றுகிறேன்?

எங்கள் விடுதியில் முந்நூறு பேர், தமிழர் பதினொருவர். கைதூக்கச் சொன்ன அன்றே மெஸ்ஸில் வாரம் ஒருநாள் கிடைத்த இட்லியும் போயிற்று. போகட்டும், நாவுக்கு நேர்ந்த நட்டம் பழகிவிடும். மொழியையும் உரிமையையும் அப்படியே கையெண்ணித் தீர்த்தால் என்னாவது? அன்றாடச் சட்டத்துக்குப் பாதிக்கு மேல் போதும். ஆட்டத்தின் விதியையே மாற்ற வருகிறவர் எதிரணியிலும் சிலரை இணங்கச் செய்யட்டும். 368ஆம் பிரிவின் உட்பொருள் இதுவே என்று நான் கருதுகிறேன். சிலருடைய வாக்கையும் பலர் தேடிவர வைக்கும் விதி அது.

ஆனால் எல்லாவற்றுக்கும் அந்தக் காவல் இல்லை, நண்பர்களே! ஆட்சிமொழிச் சட்டத்தின் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பாருங்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் இயற்றி, பின்னர் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் இயற்றும்வரை, மத்திய ஆட்சியில் ஆங்கிலம் நீடிக்கும் என்கிறது அது. வலிய பூட்டுத்தான். ஆனால் அந்தச் சட்டமோ சாதாரணப் பெரும்பான்மையால் திருத்தத்தக்கது. பூட்டு இரும்பு, கதவு படல்!

ஆகவே விதியை நம்பி உறங்கிவிட இயலாது. பதினொருவராயினும் பேசவேண்டும், மற்றவர் செவிகொடுக்கும்படி பேசவேண்டும். கை எண்ணும் நாள் வருமுன்னரே அதைத் தொடங்கிவிட வேண்டும்.