கல் காத்த சொல்

நுழையும்முன்

வரலாறு அரண்மனைகளில் மட்டும் வாழ்வதன்று. கோயில் சுவரிலும் ஏரிக்கரையிலும் ஊர்ப்பெயரிலும் அது உறைந்திருக்கிறது. அதனைப் படித்துப் பதிவு செய்து காப்பதற்குப் பெரும்பதவி வேண்டுவதில்லை. ஆர்வமும் பொறுமையும் உண்மையிடத்துப் பற்றும் போதும். திருச்சிராப்பள்ளியில் அத்தகைய ஆர்வலர் ஆற்றிவரும் பணியையும், அப்பணியின் இன்றியமையாமையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

புதிய நகரும் பழைய வினாவும்

திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ளது கே.கே. நகர். நேரிய தெருக்களும் வரிசை வீடுகளும் கொண்ட புதிய குடியிருப்பு அது. அங்குப் பழங்கோட்டை இல்லை. வானளாவிய கோபுரமும் இல்லை. அங்கு வளரும் மாணவரிடம் ‘உன் ஊரின் பழமை யாது?’ என்று வினவினால், அவர் வடக்கே விரல் நீட்டி மலைக்கோட்டையையோ திருவரங்கத்தையோ சுட்டுவார். தம் தெருவுக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்பது அவர்தம் எண்ணம்.

ஆயின், கே.கே. நகரை ஒட்டியுள்ள ஊரின் பெயர் கே. சாத்தனூர். சாத்தன் என்பது பழந்தமிழர் சூடிய பெயர். சங்கப் புலவர் சீத்தலைச் சாத்தனாரை நாம் அறிவோம். ஐயனாரைக் குறிக்கும் பெயராகவும் அது வழங்குகிறது. மாநகரின் நடுவே ஓடும் கால்வாயின் பெயர் உய்யக்கொண்டான். முதலாம் இராசராசனின் விருதுப்பெயர்களுள் அதுவும் ஒன்று. நாள்தோறும் பேருந்தின் பெயர்ப்பலகையில் கண்டு கடந்து செல்லும் சொல்லை ஒரு நாள் நின்று நோக்கி, ‘இப்பெயர் எவ்வாறு வந்தது?’ என்று ஒருவர் கேட்கும்போது, அவருள் ஓர் ஆய்வாளர் பிறக்கிறார்.

மருத்துவர் தொடங்கிய மையம்

இத்தகைய வினாவைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மருத்துவர் இரா. கலைக்கோவன். அவர் தொழிலால் கண் மருத்துவர். பல்லவர் வரலாறு, சோழர் வரலாறு முதலிய நூல்களை எழுதிய தமிழறிஞர் மா. இராசமாணிக்கனாரின் (1907–1967) மைந்தர். தந்தையின் பெயரால் 1982ஆம் ஆண்டில் அவர் தொடங்கியதே டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம்.

மு. நளினி, அர. அகிலா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அம்மையத்தில் இணைந்து பணியாற்றினர். கோயில்களையும் குடைவரைகளையும் நேரிற்சென்று கண்டு, கட்டட அமைப்பை அளந்து, சிற்பங்களை விளக்கி, கல்வெட்டுகளைப் படித்துப் பதிவு செய்வது அவர்தம் வழக்கம். ‘வரலாறு’ என்னும் ஆய்விதழ் அம்மையத்தின் வெளியீடாகும். ‘மகேந்திரர் குடைவரைகள்’, ‘பழுவூர்ப் புதையல்கள்’ போன்ற நூல்கள் இவ்வுழைப்பின் விளைவுகள். கண்ணொளி காக்கும் மருத்துவர் ஒருவர், மங்கிவரும் கல்லெழுத்துகளுக்கும் ஒளி தந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கல் கூறும் கதை

மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு குடைவரை உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அகழ்வித்த அக்குடைவரையில், கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் சிற்பம் அழகுற விளங்குகிறது. அங்குள்ள கல்வெட்டுகள் அதனை அமைத்த மன்னனை அறிவிக்கின்றன. இவை 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றன. படியேறுவோர் எத்தனையோ பேர். வழியில் நின்று அக்குடைவரையைக் காண்போர் மிகச் சிலரே.

திருவரங்கத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தமிழ், வடமொழி, தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகளில் அவை அமைந்துள்ளன. அவற்றுள் 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, கோயிலைச் சார்ந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததைக் கூறுகிறது. இறைவழிபாட்டுக்குரிய இடம் நோயாளரையும் பேணியது என்னும் செய்தியை நமக்குக் காத்துத் தந்தது ஒரு கல்லே.

மன்னரின் வெற்றிகளை மட்டும் கல்வெட்டுகள் கூறுவதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் நந்தா விளக்குக் கொடை பேசப்படுகிறது. ஒரு விளக்கு அணையாது எரிய 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் பெருகி, மந்தையின் எண்ணிக்கை குறையாது தொடர வேண்டும் என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. கொடையாளருள் பெண்களும் உளர். வேறு எந்த ஏட்டிலும் இடம்பெறாத எளிய மனிதரின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக அந்த ஒரு வரியில் மட்டுமே வாழ்கிறது. அவ்வரி சிதைந்தால் அம்மனிதர் இரண்டாம் முறை மறைகிறார்.

பேணுவதாக எண்ணி அழித்தல்

கல்வெட்டுகளைப் பகைவர் மட்டும் அழிப்பதில்லை, பற்றுடையோரும் அழிக்கின்றனர். தூய்மை கருதிச் சுவரில் மீண்டும் மீண்டும் சுண்ணாம்பு அடிக்கின்றனர். அழுக்கை நீக்க மணலை விசையுடன் பீய்ச்சுகின்றனர். அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் தேய்ந்துவிடுகிறது. தரையை உயர்த்திச் சிமெண்டு பூசும்போது அடித்தளத்திலுள்ள வரிகள் மண்ணுள் மறைகின்றன. திருப்பணியின்போது கற்களைப் பிரித்து வரிசை மாற்றி அடுக்கினால், தொடர் அறுந்து பொருள் விளங்காமல் போகிறது. இவற்றைச் செய்வோர் தீயோர் அல்லர். தம் கோயில் பொலிவு பெற வேண்டும் என்று விரும்புவோரே.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்னும் பெயரால் அவற்றின் தொன்மையைச் சுரண்டி எறிந்தனர். அதனைக் கண்டு வருந்திய கவிஞர் வில்லியம் மோரிசு 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தைத் தோற்றுவித்தார். பழுதுகளை அவ்வப்போது சீர்செய்து கட்டடத்தைக் காக்க வேண்டுமேயன்றி, புதுமை செய்வதாக அதன் பழமையைப் போக்குதல் கூடாது என்பது அக்கழகத்தின் கொள்கை.

வழிபாடு நிகழும் கோயிலை அருங்காட்சியகமாக்கிப் பூட்டிவைக்க இயலாது என்பதும் உண்மையே. அங்கு விளக்கு எரிய வேண்டும். விழா நடக்க வேண்டும். மக்கள் கூட வேண்டும். வாழும் கோயிலைப் பழமை கெடாமல் புதுப்பிக்கவும் இயலும் என்பதற்குத் திருவரங்கமே சான்று. மரபுவழி முறைகளைக் கையாண்டு அங்கு நிகழ்ந்த சீரமைப்பில், பழைய மழைநீர் வடிகால் அமைப்பும் மீட்கப்பட்டது. அப்பணியைப் பாராட்டி யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புக்கான தகுதி விருதினை 2017இல் வழங்கியது. ஆகவே, பக்தியும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டுக்கும் இடையே அறிவு நிற்க வேண்டும் என்பதே கருத்து.

மாணவர் கடமை

நமது பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணுவது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு வலியுறுத்துகிறது. தொல்லியல் துறையினர் எல்லா ஊர்களிலும் எப்போதும் இருத்தல் இயலாது. ஆனால், எல்லா ஊர்களிலும் மாணவர் உளர்.

கல்வெட்டைக் கண்டால் அதன்மீது எண்ணெயோ மாவோ சுண்ணக்கட்டியோ தடவுதல் ஆகாது. பக்கவாட்டில் ஒளி படும்படி நின்று படம் எடுக்கலாம். எழுத்துப்பள்ளங்களில் நிழல் விழுவதால் வரிகள் தெளிவாகத் தோன்றும். இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு ஆசிரியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்கலாம். திருப்பணி தொடங்கும்முன் கல்வெட்டுகளைப் பதிவு செய்யுமாறு பெரியோரிடம் பணிவுடன் எடுத்துரைக்கலாம்.

கல்வெட்டே இல்லாத புதிய குடியிருப்பிலும் பணி உண்டு. கே.கே. நகர் போன்ற இடங்களில் முதலில் குடியேறிய முதியோர் இன்னும் வாழ்கின்றனர். வீடுகள் எழுமுன் அந்நிலம் எவ்வாறு இருந்தது, நீர் எவ்வழி ஓடியது, எந்தெந்த ஊர்களிலிருந்து மக்கள் வந்தனர் என்பன அவர்கள் நினைவில் உள்ளன. அந்நினைவு எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. இன்று கேட்டு எழுதினால் அது வரலாறு. நாளை கேட்க நினைத்தால் விடை கூற எவரும் இரார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் விளக்கேற்றினார். மற்றொருவர் அதனைக் கல்லில் பொறித்தார். பின்வந்தோர் படித்துச் சொன்னமையால் நாம் அறிந்தோம். அத்தொடரின் அடுத்த கண்ணி இன்றைய மாணவரே. அது அறுந்துவிடாமல் காப்பது அவர் கையில் உள்ளது.