வாப்பா இட்ட நிலம்

சாய்ந்தமருதில் வீடுகளுக்குச் சீமெந்து நிலம் இடுவது எங்கள் குடும்பத் தொழில். பொத்துவிலிலிருந்து அழைத்தாலும் மட்டக்களப்பிலிருந்து அழைத்தாலும் வாப்பா மறுத்ததில்லை. மட்டப்பலகையையும் கரண்டியையும் சாக்கில் கட்டிக்கொண்டு, காக்காவுடன் முதல் பஸ்ஸில் புறப்பட்டுவிடுவார்.

நிலத்தை ஒரு நாளில் இட்டுவிடலாம். ஆயினும் அது இறுகுவதற்கு ஒரு கிழமையாவது அதன்மேல் நீர் நிற்க வேண்டும். அதற்குமுன் வெயில் ஈரத்தைக் குடித்துவிட்டால் வெடிப்பு விழும். கடற்கரை மணலை வாப்பா தொடார். அதிலுள்ள உப்பு பின்னர் வெண்மையாய்ப் பூத்து நிலத்தைக் கெடுத்துவிடும்.

ஒருமுறை பெருநாளுக்கு ஊர் திரும்பும் அவசரத்தில், நீர் ஊற்றும் பொறுப்பை வீட்டாரிடமே விட்டு வந்தார். அடுத்த மாதம், நிலம் வெடித்துவிட்டதென்று கடிதம் வந்தது.

“அவர்கள் ஊற்றியிருக்கமாட்டார்கள். பிழை நம்முடையதன்று” என்றேன்.

“கூலி வாங்கியவன் நானல்லவா, மகன்?” என்றார் வாப்பா.

கடன்பட்டுச் சீமெந்து வாங்கிச் சென்று, பழையதைக் கொத்தியெடுத்துப் புதிதாக இட்டார். எட்டு நாள் அங்கேயே தங்கி நீர் ஊற்றினார்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எங்கள் ஊருக்குள் புகுந்தது. அப்போது வாப்பா உயிருடன் இல்லை. கரையோரத்தில் பல வீடுகளின் சுவர்கள் போய்விட்டன. ஒரு முதியவள் மணலை விலக்கிச் சிவப்பு நிலத்தைத் தடவினாள்.

“மகன், இது என் குசினி. உன் வாப்பா இட்ட நிலம்” என்றாள். அங்கிருந்து அடியளந்தே தன் வளவின் எல்லையைக் கண்டாள்.

இன்று டைல்ஸ் பதிக்கவே என்னை அழைக்கின்றனர். நானும் அழைத்த ஊருக்கெல்லாம் போகிறேன்; திரும்பும் நாளை மட்டும் முன்கூட்டி வீட்டில் சொல்வதில்லை.