செவி வழி வந்த நூல்கள்

நூல் என்றதும் நாம் கண்ணைத்தான் நினைக்கிறோம். ஆனால் மனித வரலாற்றின் பெரும்பகுதியில் நூல் செவிக்குரியதாகவே இருந்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிவைத்த ஒழுங்குமுறையின் 38ஆம் இயல், உணவு வேளையில் வாசிக்கும் சகோதரரைப் பற்றியது. அவர் வாசிக்க, மற்றவர்கள் அமைதியாக உண்டபடியே கேட்க வேண்டும். வாசிப்பவர் பசியால் தளர்ந்துவிடாதிருக்கத் தொடங்குமுன் அவருக்குச் சிறிது திராட்சை இரசம் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு அந்தப் புனிதர் கரிசனை கொண்டிருந்தார். அதற்கு முந்திய தலைமுறைகளில் வாய்விட்டு வாசிப்பதே பெருவழக்கு. மிலான் நகர் ஆயர் அம்புரோஸ் குரலெழுப்பாமல் கண்ணால் மட்டுமே வாசித்ததைப் புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலில் ஒரு தனிச் செய்தியாகவே எழுதிவைத்தார்.

நம் திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரத்தை வைத்தார். படித்தவருக்கும் படியாதவருக்கும் பொதுவான வாயில் செவியே என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

இவற்றையெல்லாம் நான் குருமட மாணவனாக இருந்தபோதே அறிவேன். ஆனால் அவற்றின் பொருள் எனக்கு உறைத்தது, மூன்று ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் என் விழித்திரையைத் தொட்ட பின்னர்தான். லேசர் சிகிச்சைக்குப் பின் பார்வை ஓரளவு நிலைத்தது. எனினும் வலக்கண்ணின் நடுவே ஒரு மங்கல் தங்கிவிட்டது. திருப்பலி நூலின் பெரிய எழுத்துகள் தெரிகின்றன. பொடி எழுத்து நூல்களையோ அரைமணி நேரத்திற்கு மேல் கையில் வைத்திருக்க இயலவில்லை. இரவு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் வாசித்துப் பழகிய ஒருவனுக்கு இது சிறிய இழப்பன்று. வாசிக்க முடியாத குரு எதைக் கொண்டு மறையுரை ஆற்றுவான் என்ற அச்சமும் உள்ளே இருந்தது. அந்த நாள்களில்தான் ஒலிநூல்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றுள் சிலவற்றைப் பற்றி என் செவி சொல்லும் தீர்ப்பை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நன்றிக்கடன். ஒலிநூல் என்பது பொழுதுபோக்குக்காகப் பிறந்ததன்று. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் தேவையே இங்கிலாந்தில் அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. 1935ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் ஜோசப் கான்ராடின் ‘டைஃபூன்’ என்னும் கடற்கதையும் முதன்முதலில் வந்தவற்றுள் அடங்கும். இன்று காலை நடையின்போது காதில் நூல் கேட்கும் இளைஞர், தாம் அறியாமலே பார்வையற்றோருக்குக் கடன்பட்டிருக்கிறார்.

நான் கேட்டவற்றுள் என்னை மிகவும் அசைத்தது, பால் கலாநிதியின் ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’. பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் இவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பயிற்சி பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர். நுரையீரல் புற்றுநோயால் 2015ஆம் ஆண்டு, தம் 37ஆம் வயதில் இறந்தார். நோயாளியாகிவிட்ட மருத்துவர் தம் சாவை நேருக்கு நேர் பார்த்து எழுதிய இந்நூல் முற்றுப்பெறவில்லை; இறுதிப் பகுதியை அவருடைய மனைவி லூசி எழுதினார். அச்சு நூலில் அந்த மாற்றம் ஒரு பக்கத்தைப் புரட்டுவதோடு நிகழ்ந்துவிடுகிறது. ஒலிநூலிலோ, சுனில் மல்ஹோத்ராவின் ஆண் குரலோடு பல மணி நேரம் நாம் வாழ்ந்திருப்போம். குழந்தையான தம் மகளை நோக்கிச் சில சொற்களைச் சொல்லி அக்குரல் நிற்கிறது. அடுத்து ஒரு பெண்குரல் தொடங்குகிறது. எத்தனையோ அடக்கச் சடங்குகளை நடத்தியவன் நான். ஆயினும் ஒருவர் இல்லாமற்போவது என்றால் என்ன என்பதை அந்தக் குரல் மாற்றம் எனக்குப் புதிதாகக் கற்பித்தது. இந்த நூலைக் கண்ணால் வாசித்தவர்களும் ஒருமுறை செவியால் கேட்க வேண்டும் என்பேன்.

எழுதியவரே வாசித்த நூல்களுக்குத் தனி வலிமை உண்டு. 1996இல் வெளிவந்த ஃபிராங்க் மெக்கோர்ட்டின் ‘ஏஞ்சலாஸ் ஆஷஸ்’ அத்தகையது. அயர்லாந்தின் லிமெரிக் நகரச் சேரியில் பசியோடும், குடிகாரத் தந்தையோடும், அடுத்தடுத்து இறந்த உடன்பிறப்புகளின் நினைவோடும் கழிந்த இளமையை அவர் தம் நாட்டு உச்சரிப்பிலேயே சொல்கிறார். தந்தை பாடிய பாட்டு வந்தால் தாமும் பாடிவிடுகிறார். அழ வேண்டிய இடங்களை அவர் அழாமல் வாசிக்கும்போது நம் தொண்டை அடைக்கிறது. பீடச்சிறுவனாகச் சேர விரும்பிச் சென்ற அந்த ஏழைச் சிறுவனின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும் இடத்தை அவருடைய குரலிலேயே கேட்ட பின், நம் ஆலயக் கதவுகளையும் அலுவலகக் கதவுகளையும் பற்றி நினைக்காதிருக்க முடியாது. அவ்வூரில் சிலர் இந்நூல் மிகைப்படுத்துகிறது என்று வருந்தினர். எது எவ்வாறாயினும், ஒரு சிறுவனுக்குக் கதவு சாத்தும் ஒலி அறுபது ஆண்டுகள் கேட்டுக்கொண்டேயிருக்கும் என்பதை நாம் மறுக்க இயலாது.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலைக் கையில் எடுத்தவர் பலர் அதன் பெயர்களிலேயே இடறிவிடுவர். ஒரே மனிதருக்கு மூன்று நான்கு பெயர்கள்! நல்ல வாசிப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குரலைக் கொடுத்துவிடும்போது அந்தத் தொல்லை நீங்குகிறது. இதில் விசாரணைத் தலைவரைப் பற்றிய புகழ்பெற்ற பகுதியைச் செவியால்தான் முழுமையாக உணர முடியும் என்பது என் எண்ணம். மீண்டும் உலகுக்கு வந்த கிறிஸ்துவைச் சிறையிலடைத்து, முதிய கர்தினால் நெடுநேரம் குற்றஞ்சாட்டிப் பேசுகிறார். கைதியோ ஒரு சொல்லும் பேசவில்லை. இறுதியில் அம்முதியவருக்கு ஒரு முத்தம் தருகிறார், அவ்வளவே. அச்சில் அந்த மௌனம் நம் பார்வைக்குத் தென்படுவதில்லை. செவியிலோ ஒரே குரல் ஓயாமல் பேசப் பேச, பேசாதவரின் இருப்பு நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. இறையியல் வகுப்பில் இப்பகுதியை நாங்கள் விவாதித்ததுண்டு. அந்த மௌனத்தை நான் கேட்டது இப்போதுதான்.

எல்லா ஒலிநூல்களும் இவ்வாறு நிறைவு தருவதில்லை. ஜார்ஜ் சாண்டர்ஸ் எழுதிய ‘லிங்கன் இன் தி பார்டோ’ 2017இல் 166 குரல்களைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. 1862இல் தம் சிறுமகனை இழந்த அதிபர் லிங்கன் கல்லறைக்கு வந்து துயரப்படுவதையும், அங்கே உலவும் ஆன்மாக்களின் பேச்சையும் சொல்லும் நாவல் அது. கல்லறைத் தோட்டத்தின் கூட்டத்தை அத்தனை குரல்களும் மெய்யாகவே எழுப்பிக் காட்டுகின்றன. ஆனால் வரலாற்று மேற்கோள்களையும் அவற்றின் ஆசிரியர் பெயர்களையும் அடுக்கடுக்காக வாசிக்கும் இடங்களில் செவி களைத்துப்போகிறது. குரல்கள் மிகுந்ததால் துயரம் மிகுந்துவிடவில்லை. ஒரே தந்தை, ஒரே பிள்ளை, ஒரே குரல் போதுமே என்று தோன்றியது.

அறிவு நூல்களைப் பொறுத்தவரை என் தீர்ப்பு சற்றுக் கடுமையானது. டேனியல் கானமன் 2011இல் எழுதிய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ சிந்தனையின் தடுமாற்றங்களை விளக்கும் அரிய நூல். ஆனால் வாசகரைப் பார்க்கச் சொல்லும் படங்களும், கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லும் புதிர்களும் அதில் நிறைய உண்டு. அதைக் காதில் கேட்பது, சமையற்குறிப்பைக் கேட்டே பசியாற முயல்வதைப் போன்றது. யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ இதற்கு நேர்மாறு, கதைபோல் ஓடுகிறது. ஆபத்தும் அங்கேதான். வேளாண்மை மனிதனுக்கு நன்மையை விடத் துன்பத்தையே தந்தது என்பது போன்ற பெரிய முடிவுகளை, தயக்கமில்லாத இனிய குரலொன்று அடுக்கிக்கொண்டே போகிறது. அச்சு நூலாயின் ஓரத்தில் கேள்விக்குறி இட்டு நிறுத்துவோம், அடிக்குறிப்பைத் தேடுவோம். குரலோ நம்மையும் இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வாதிடும் நூல்களைக் கண்ணால் படியுங்கள். கண் கூடாதவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒலிநூல்களை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு விரைவில் ஓடவிடும் வசதி இருக்கிறது. செய்திகளுக்கு அது பொருந்தலாம். வதைமுகாம்களிலிருந்து உயிர்மீண்ட மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், 1946இல் முதலில் வெளியிட்டு, ஆங்கிலத்தில் ‘மேன்ஸ் செர்ச் ஃபார் மீனிங்’ என்று அறியப்பட்ட நூலை அவ்வாறு கேட்டு முடித்ததாக ஓர் இளைஞர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். மற்றவர் துன்பத்தை விரைந்து கேட்டு முடிக்க முடியுமா, தம்பி, என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார், பின்னர் சிந்தித்தார்.

விலையின்றிக் கிடைப்பவையும் உண்டு. 2005இல் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சார்ந்த ஹியூ மெக்குவயர் தொடங்கிய ‘லிப்ரிவாக்ஸ்’ முயற்சியில், உரிமைக்காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பொதுவுக்கு வழங்குகின்றனர். ‘அறிக்கைகள்’, ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’ போன்ற நம் நூல்களும் ஆங்கிலத்தில் அங்கே உள்ளன. சில நூல்களில் இயலுக்கு இயல் குரல் மாறும், சிலர் தடுமாறுவர். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. முகமறியாத ஒருவர் தம் ஓய்வு நேரத்தை முகமறியாத மற்றொருவருக்குக் கொடுக்கிறார். அதற்கு அன்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

தமிழில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, பாம்பே கண்ணன் முயற்சியால் பலர் நடிக்கும் ஒலிநூலாகியிருக்கிறது. முதல் வெள்ளிக்கிழமைகளில் நான் நற்கருணை கொண்டுசெல்லும் வீடொன்றில், பார்வை முற்றிலும் மங்கிய முதியவர் ஒருவர் இருக்கிறார். 1950 முதல் 1954 வரை அக்கதை இதழில் தொடராக வந்தபோது அவர் சிறுவன். அவருடைய அக்கா திண்ணையிலிருந்து வாசிக்க, தெருவே கேட்குமாம். அவருக்கு அந்த ஒலிநூலைக் கேட்க ஏற்பாடு செய்துகொடுத்தேன். ஒரு மாதம் கழித்து எப்படியிருக்கிறது என்று வினவினேன். “நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா எங்க அக்கா வாசிச்ச மாதிரி இல்ல. அழுகை வந்தா அவ நிறுத்திருவா. எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். இது நிக்காமப் போகுது” என்றார்.

ஒலிநூலைப் பற்றி நான் கேட்ட திறனாய்வுகளுள் இதைவிடச் சிறந்தது இல்லை. இன்று இயந்திரமே மனிதக் குரலை ஒத்து வாசிக்கிறது. உச்சரிப்புப் பிழை குறைந்துவருகிறது, இன்னும் குறையும். ஆனால் கேட்பவர் முகத்தைப் பார்த்து நிறுத்தத் தெரிந்த வாசிப்பு, அருகில் அமர்ந்திருக்கும் மனிதரிடமிருந்துதான் வர முடியும்.

அன்பு வாசகரே, ஒலிநூல்கள் எனக்கு மறுவாழ்வு தந்தவை. அவற்றை நான் விடப்போவதில்லை. நீங்களும் கேளுங்கள். ஆனால் உங்கள் இல்லத்திலோ அன்பியத்திலோ கண் மங்கிய ஒருவர் நிச்சயம் இருப்பார். கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்ததென்று எழுந்துவிட வேண்டாம். வாரத்தில் ஒருநாள், பத்துப் பக்கங்கள் போதும். அவருக்கு விருப்பமான நூலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமருங்கள். தொண்டை அடைத்தால் நிறுத்துங்கள். அவர் மீண்டும் தொடங்கச் சொல்லும் வரை காத்திருங்கள்.