ராத்திரி மூன்று மணித் தண்ணீர்

மயிலாப்பூரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய அடுக்குமாடிக்குத் தண்ணீர் மீட்டர் போடக் கூப்பிட்டால், நான் முதலில் பார்ப்பது பைப்புகள் இறங்கும் ஷாஃப்டைத்தான். ஆப், டாஷ்போர்டு எல்லாம் அப்புறம். சமையலறைக்கு ஒரு பைப், குளியலறைகளுக்கு இரண்டு, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று என்று மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தனித்தனியாக இறங்கும். ஒவ்வொன்றும் வழியில் இருக்கிற எல்லா மாடிக்கும் கொடுத்துக்கொண்டே தரைத்தளம் வரை போகும். வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பது இங்கே நடக்காது. 12 வீடு என்றால் 48 மீட்டர். சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு மீட்டர். அங்கே 2022இல் தொடங்கிய ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தின் முதல் கட்டமே சுமார் 3 லட்சம் இடங்களுக்கு. மகன் அங்கிருந்து அனுப்பிய விவரத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களை ஷாஃப்ட் கதவருகே அழைத்துப் போய்விடுவேன். பேரம் பாதியாகிவிடும்.

எந்த மீட்டர் என்பது அடுத்த தலைவலி. தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி வீட்டுக்குக் கிடைப்பது மூன்று மீட்டர் உயரத்துக்கான அழுத்தம், அதாவது 0.3 பார். சக்கரம் சுற்றும் மீட்டர் அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் ஷவர் சொட்டும். மறுநாளே போன் வரும். போர்வெல் தண்ணீரின் உப்பும் இரும்பும் சக்கரத்தில் படிந்து போகப் போகக் குறைத்துக் காட்டும். தொட்டி வற்றி மறுபடி நிரம்பும்போது பைப்பில் அடைபட்ட காற்று சக்கரத்தைச் சுற்றிவிட, காற்றுக்கும் சேர்த்து பில் வரும். அல்ட்ராசோனிக் மீட்டரில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ஓட்டத்தோடு போகும் ஒலி சற்று முந்தும், எதிர்த்துப் போவது சற்றுப் பிந்தும். அந்த நேர வித்தியாசமே கணக்கு. விலை கூடுதல்தான். ஆனால் உப்புத் தண்ணீர் ஊரில் மலிவு மீட்டரைப் போடுவது, இரண்டு வருஷம் கழித்து வரப்போகும் சண்டைக்கு இப்போதே முன்பணம் கொடுப்பது.

மீட்டர் போட்டதுமே தண்ணீர் மிச்சமாகிவிடும் என்று விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். மீட்டர் ஒரு சொட்டையும் சேமித்து நான் பார்த்ததில்லை. அது செய்யும் பெரிய உதவி ராத்திரி இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் நடக்கிறது. எல்லாரும் தூங்கும் அந்நேரம் ஓட்டம் ஒரு முறையாவது பூஜ்யத்தைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் எங்கோ கசிகிறது. நிமிஷத்துக்கு அரை லிட்டர்தான், ஆனாலும் நாளைக்கு 720 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலை வைத்தால் ஐந்து பேரின் ஒரு நாள் தண்ணீர்.

“தம்பி, ஆத்துல நாங்க ரெண்டே பேர். ஆயிரம் லிட்டர் எப்படி ஆகும்? உங்க மெஷின்தான் பொய் சொல்றது” என்றார் மந்தைவெளியில் ஒரு மாமி.

“மாமி, ராத்திரி மூணு மணிக்கும் ஓடியிருக்கே!”

யாரும் புழங்காத விருந்தினர் கழிவறையில் ஃப்ளஷ் டேங்கின் வாஷர் தேய்ந்து, சத்தமில்லாமல் பீங்கானோடு ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. பிளம்பர் வந்து வாஷரை மாற்றினார். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட்ட கருவி சுட்டிக்காட்டியது, ஒரு சின்ன ரப்பர் துண்டை.

வீட்டுக்கு வீடு அளப்பதைவிட எனக்குப் பிடித்த வேலை தரைக்கடித் தொட்டியான சம்பின் வாயில் அளப்பது. மெட்ரோ வாட்டர், போர், லாரி மூன்றும் சம்பில் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு எந்த மீட்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்படிப்பட்ட நாளில் சம்பின் ஒவ்வொரு வாயிலும் மீட்டர் இருந்தால், 12,000 லிட்டர் என்று வரும் லாரி எவ்வளவு இறக்கியது என்பது தெரியும். போரிலிருந்து எவ்வளவு உறிஞ்சினோம் என்பதும் தெரியும். அசோசியேஷன் செயலாளர்களுக்கு முதல் எண்ணில்தான் ஆர்வம். இரண்டாவதைக் காட்டினால், “அது நம்ம தண்ணிதானே சார்” என்பார்கள். அடியில் இருப்பது அக்கம்பக்கத்துக்கும் பொது என்பதை எந்த சென்சாரை வைத்து விளக்குவது?

கேப் டவுன் நகராட்சி 2018 வறட்சியில், அளவாகப் புழங்கிய வீடுகளுக்கு வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்து ஊருக்கே காட்டியது. இங்கேயும் வாட்ஸ்அப் குழுவில் வீட்டு வாரியாகப் பட்டியல் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். மறுத்துவிடுவேன். பிரசவத்துக்கு மகள் வந்திருக்கும் வீடும், படுக்கையில் கிடக்கும் பெரியவரைக் குளிப்பாட்டும் வீடும் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும். அதற்குப் பதில் லாரிச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரிக்காமல் லிட்டர் கணக்கில் பிரியுங்கள் என்பேன். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மெட்ரோ வாட்டர் கட்டணம் புழக்கத்தைப் பார்ப்பதில்லை. லாரிப் பணத்திலாவது பார்க்கட்டும். இன்னொன்று, தொட்டியின் நீர்மட்டம் செயலாளரின் போனுக்குப் போவதைவிட வாட்ச்மேனின் போனுக்குப் போக வேண்டும். மோட்டார் போடுகிறவர் அவர்தான்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 ஊர்களில் சென்னையும் 2016இல் இடம்பிடித்தது, தி.நகர்தான் அதன் மையம். பாண்டி பஜாரில் 2019இல் திறந்த நடைபாதை வளாகம் எல்லார் கண்ணிலும் படுகிறது. எனக்கென்னவோ ஊரின் புத்திசாலித்தனம் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறுகளுக்குள் இருக்க வேண்டும் என்று தோன்றும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். அதில் தண்ணீர் இறங்குகிறதா என்று பிறகு பார்த்தவர்கள் குறைவு. கிணற்றில் ஓர் அழுத்த சென்சாரை இறக்கினால் போதும். பெசன்ட் நகர் மணலில் ஒரு ராத்திரி மழைக்குப் பின் மட்டம் ஏறுவது கோடாகவே தெரியும். பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான தி.நகரின் களிமண்ணில் அதே மழைக்கு மெல்ல அசையும். அசையவே இல்லை என்றால் வடிகட்டும் ஜல்லி அடைத்திருக்கிறது. எடுத்துக் கழுவிப் போட வேண்டும்.

இப்போதெல்லாம் விலைப்புள்ளி கொடுக்கும்போதே இரண்டு வரி சேர்க்கிறேன். முதலாவது, மீட்டரின் பேட்டரி தீர்ந்தால் மாற்றும் செலவை மாத மெயின்டனன்ஸில் இன்றிலிருந்தே ஒதுக்க வேண்டும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. இரண்டாவது, கசிவு எச்சரிக்கை வந்தால் இரண்டு நாளுக்குள் வருகிற பிளம்பர் ஒருவரை ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது வரியை அடித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்கிறவர்களிடம், மீட்டரையும் சேர்த்து அடித்துவிடுங்கள் என்கிறேன்.